கொள்ளைநோயும் பெண்களின் நாட்கணக்கும்

ஹிஜ்ரி 1442ஆம் ஆண்டின் ரமளான் மாதத்தை நம்மில் எவரும் எளிதில் மறந்துவிட முடியாது. 2021 ஏப்ரல் நடுவில் பிறை கண்டு நோன்பு நோற்கத் தொடங்கினோம். அதே நாட்களில்தான் கொரோனாவின் இரண்டாம் அலை நம் தெருக்களுக்குள் புகுந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கோசைக்கு அடுத்தபடியாக மவுத்து அறிவிப்புகளையே அதிகம் கேட்ட மாதம் அது.

நான் பாடம் நடத்தும் பெண்கள் மதரஸாவும் அப்போது மூடிக் கிடந்தது. ஆனால் மாணவியரும் அவர்களுடைய உம்மாமார்களும் மார்க்கச் சட்டம் கேட்டுத் தொலைபேசியில் அழைப்பது மட்டும் நிற்கவில்லை. முந்தைய ஆண்டுகளில் ரமளானில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. சமைக்கும்போது உப்புப் பார்க்கலாமா, கண்ணுக்கு மருந்து விட்டால் நோன்பு முறியுமா என்பன போன்றவை. அந்த ஆண்டு வந்த கேள்விகள் வேறு.

இரு பிள்ளைகளின் தாயான ஓர் இளம் சகோதரி ரமளானின் பிற்பகுதியில் அழைத்தார். இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். "ஆலிமா, எனக்கு எப்பவும் ஆறு நாள்தான். இந்தத் தடவை இருபது நாள் தள்ளிப் போயி வந்துச்சு. வந்தது பன்னிரண்டு நாளா நிக்கவே இல்லை. நான் எந்த நாளைத் தொழுகை இல்லாத நாளா எடுக்கிறது?" என்று கேட்டார். அவர் குடும்பம் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தது. மாதவிடாயின் உச்ச அளவு பத்து நாட்கள், அதையும் தாண்டிவிட்டதால் வழக்கமான ஆறு நாட்களே ஹைளு, எஞ்சியவை இஸ்திஹாளா எனும் நோய் உதிரம், அந்த நாட்களில் விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டும் என்று விளக்கினேன். அவர் நன்றி கூறித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சட்டம் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் பன்னிரண்டு நாட்கள் உதிரம் போன ஒரு பெண்ணிடம், அதுவும் கடும் காய்ச்சலிலிருந்து எழுந்து நோன்பும் நோற்றுக்கொண்டிருந்த ஒரு தாயிடம், "உடல் எப்படி இருக்கிறது? தலை சுற்றுகிறதா? மருத்துவரைப் பார்த்தீர்களா?" என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே மாதத்திலும் அடுத்த சில மாதங்களிலும் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஏறக்குறைய இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவருக்கு நாள் தள்ளிப்போயிற்று. இன்னொருவருக்கு மாதம் இருமுறை வந்தது. மற்றொருவருக்கு இரண்டே நாளில் நின்றுவிட்டது. நான்காவது அல்லது ஐந்தாவது அழைப்பின்போதுதான் இது தனித்தனிப் பெண்களின் கதையன்று, வந்துபோன கொள்ளைநோயின் கதை என்பது என் மந்த புத்திக்கு உறைத்தது.

இத்தகைய விஷயங்களைக் குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு நான் நினைவூட்ட விரும்புவது, அன்சாரிப் பெண்களைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறிய பாராட்டை. மார்க்கத்தை விளங்கிக்கொள்வதற்கு அவர்களுடைய வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னையவர்கள் வியந்து போற்றினார்கள். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தமக்கு உதிரம் நிற்பதே இல்லை, தொழுகையை விட்டுவிடவா என்று நபி (ஸல்) அவர்களிடம் நேரடியாகவே கேட்டார்கள். அது மாதவிடாய் அன்று, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று நபியவர்கள் விளக்கினார்கள். வழக்கமான உதிரம் வேறு, நோயால் வரும் உதிரம் வேறு என்ற அந்தப் பாகுபாடு நம் மதரஸாக்களில் பதினான்கு நூற்றாண்டுகளாகப் பாடமாக நடக்கிறது. ஆனால் நாம் அதைத் தொழுகைக் கணக்கோடு நிறுத்திக்கொண்டோம். நோயால் வருகிறது என்றால் எந்த நோயால் என்று கேட்க மறந்துவிட்டோம்.

முதலில், காய்ச்சலுக்கும் மாதவிடாய்க்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். மாதக் கணக்கை வைத்திருப்பது கருப்பை என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். உண்மையில் கணக்கப்பிள்ளை உட்கார்ந்திருப்பது தலைக்குள். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் என்னும் சிறு பகுதி, அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை அனுப்புகிறது. பிட்யூட்டரி தன் ஹார்மோன்களைச் சினைப்பைக்கு அனுப்புகிறது. அங்கே ஒரு சினைமுட்டை முதிர்ந்து வெளிப்பட்ட பிறகு, கரு தங்கவில்லையெனில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் உதிரம் வருகிறது. இந்தப் பின்பகுதி பெரும்பாலும் மாறுவதில்லை. மாறுவது முன்பகுதியே. உடல் கடும் நோயில் விழும்போதும், பட்டினியிலும், பெருந்துயரிலும் தலைக்குள் இருக்கும் அந்தக் கணக்கப்பிள்ளை, 'இது கரு தரிக்க ஏற்ற காலமன்று' என்பது போலக் கட்டளையைத் தாமதப்படுத்துகிறான். முட்டை முதிர்வது தள்ளிப் போகிறது. ஆகவே நாளும் தள்ளிப் போகிறது. காய்ச்சல் கண்ட பெண்ணுக்கு அடுத்த உதிரம் பத்து, இருபது நாட்கள் தாமதமாவதன் சூட்சுமம் பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது காரணம் கருப்பைக்குள்ளேயே இருக்கிறது. கருப்பையின் உட்சுவரில் நோய் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்திருக்கின்றன. அந்தச் சுவர் மாதந்தோறும் உதிர்வதும் ஆறுவதும் அவற்றின் துணையோடுதான். உடல் முழுவதும் ஒரு வைரஸை எதிர்த்துப் போரிடும்போது அந்த அணுக்களும் கலவரப்படுகின்றன. உதிரம் கூடுவதும் குறைவதும் அதன் விளைவாக இருக்கலாம் என மருத்துவர்கள் கருதுகின்றனர்.

கொரோனா முதலில் கண்டறியப்பட்ட சீனாவின் வூஹான் நகரிலேயே இது பற்றிய ஆய்வொன்று நடந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெண்களில், மாதவிடாய் விவரம் தெளிவாகக் கிடைத்த 177 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 50 பேருக்கு நாள் கணக்கு மாறியிருந்தது. பெரும்பாலும் தள்ளிப் போயிருந்தது. 45 பேருக்கு உதிரத்தின் அளவு மாறியிருந்தது; பெரும்பாலும் குறைந்திருந்தது. மருத்துவமனையை விட்டுச் சென்ற ஒன்றிரண்டு மாதங்களில் மிகப் பெரும்பாலோருக்கு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இந்தச் சிறு செய்தி 2021 ரமளானில் என் கையில் இருந்திருந்தால், என்னை அழைத்த சகோதரிகளில் பாதிப்பேரின் அச்சத்தைத் தணித்திருப்பேன். 2020ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஆய்வு முடிவுகள் வெளிவந்துவிட்டன. நம் வீடுகளுக்குத்தான் அவை வந்து சேரவில்லை.

நம்மிடம் வந்து சேர்ந்தது வேறொன்று. 2021 ஏப்ரலில் ஒரு செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. மாதவிடாய்க்கு ஐந்து நாட்கள் முன்னும் ஐந்து நாட்கள் பின்னும் பெண்கள் தடுப்பூசி போடக்கூடாது என்றது அந்தச் செய்தி. மத்திய அரசு அந்த மாதத்திலேயே அதைப் பொய்யென மறுத்தது. ஆனால் மறுப்பு வதந்தியைப் போல வேகமாக ஓடுவதில்லை. அதன் பின்னாலேயே, ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற இன்னொரு கதையும் வந்தது. எங்கள் ஊரில் மணமாகவிருந்த பெண்கள் பலரை அவர்களுடைய வீட்டார் முகாமுக்கே அனுப்பவில்லை.

தடுப்பூசிக்கும் மாதவிடாய்க்கும் தொடர்பே இல்லை என்று அன்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. அதுவும் முழு உண்மையன்று என்பதை இங்கே நேர்மையோடு சொல்லியாக வேண்டும். தடுப்பூசிகளைச் சோதித்த பெரும் ஆய்வுகளில் காய்ச்சல், கைவலி, தலைவலி பற்றியெல்லாம் கேட்டார்கள். மாதவிடாய் பற்றி முறையாகக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விடை எப்படிக் கிடைக்கும்? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மானிடவியல் பேராசிரியை கேத்ரின் கிளான்சி, தடுப்பூசிக்குப் பின் தமக்கு உதிரம் மிகுதியானதை 2021 பிப்ரவரியில் வெளிப்படையாக எழுதினார். எனக்கும் அப்படியே, எனக்கும் அப்படியே என்று பெண்கள் பதில் எழுதினர். அவரும் கேத்தரின் லீ என்ற ஆய்வாளரும் சேர்ந்து ஒரு வினாப்பட்டியலைச் சுற்றுக்கு விட்டனர். 39,000க்கும் மேற்பட்டோரின் பதில்களை வைத்து அவர்கள் 2022இல் வெளியிட்ட கட்டுரையில், ஒழுங்கான மாதவிடாய் உள்ளவர்களில் 42 விழுக்காட்டினர் உதிரம் வழக்கத்தைவிடக் கூடியதாகவும், ஏறக்குறைய அதே அளவினர் மாற்றமேதும் இல்லை என்றும் கூறியிருந்தனர். மாற்றம் கண்டவர்களே ஆர்வத்தோடு பதில் எழுதியிருக்கக்கூடும் என்பதால், இந்த விழுக்காட்டை எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகக் கொள்ளக் கூடாது என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்தனர்.

பெண்களின் குரல் எழுந்த பின்னரே பணமும் ஒதுக்கப்பட்டது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் 2021 ஆகஸ்டில் ஐந்து நிறுவனங்களுக்கு 16.7 இலட்சம் டாலர் அளித்து இதனை ஆராயச் சொன்னது. அவற்றுள் ஓர் ஆய்வு, கைப்பேசிச் செயலியில் நாட்கணக்கை முன்பே குறித்து வந்த ஏறக்குறைய 4,000 பெண்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. தடுப்பூசி போட்ட மாதத்தில் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகவே நாள் தள்ளிப் போனது. உதிரம் போகும் நாட்களின் எண்ணிக்கை மாறவில்லை. மாற்றமும் விரைவிலேயே நீங்கிவிட்டது என்று 2022 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஃபைசர், மாடர்னா ஆகிய இரு தடுப்பூசிகளின் விவரக் குறிப்பில் 'மிகுதியான மாதவிடாய்' என்பதையும் பக்கவிளைவாகச் சேர்க்குமாறு அதே ஆண்டு அக்டோபரில் பரிந்துரைத்தது.

பிள்ளைப்பேறு பற்றிய அச்சத்துக்கும் விடை கிடைத்தது. கருத்தரிக்க முயன்றுகொண்டிருந்த 2,126 பெண்களையும் அவர்களுடைய துணைவர்களையும் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் தொடர்ந்து கவனித்தனர். கணவனோ மனைவியோ தடுப்பூசி போட்டதால் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையவில்லை. மாறாக, ஆணுக்குக் கொரோனா நோய் வந்திருந்தால் அதன் பின்னான 60 நாட்களில் அந்த வாய்ப்பு சற்றுக் குறைந்திருந்தது. ஆம், ஊசியால் மலடாகிவிடுவாள் என்று பெண்ணைக் குறித்தே ஊர் முழுதும் பேசிற்று. ஆய்வில் சிறிது தடுமாறியது நோய்வாய்ப்பட்ட ஆணின் உடல். அதுவும் தற்காலிகமாகவே. கர்ப்பிணிகளுக்கு நம் நாட்டில் 2021 ஜூலை 2 அன்றுதான் தடுப்பூசி அனுமதிக்கப்பட்டது. இரண்டாம் அலை அதற்கு முன்பே வந்து சென்றுவிட்டது. கர்ப்பிணிகளை இந்நோய் மற்றப் பெண்களைவிடக் கடுமையாகத் தாக்கும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ள நிலையில், அந்தத் தாமதத்தை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

சகோதரிகளே, இங்கே நம் சமுதாயத்துப் பெண்களுக்கு ஒரு தனிச் சிறப்பு இருப்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன ஆய்வாளர்கள் தேடி அலைந்தது, நோய்க்கு முன்பே நாட்களைக் குறித்து வைத்திருந்த பெண்களை. நம்மிலோ பருவமடைந்த ஒவ்வொரு பெண்ணும் தன் வழக்கத்தை அறிந்து வைத்திருப்பது கடமை. ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தது ஒரு பகலும் இரவும், மிகக் கூடியது பதினைந்து நாட்கள். ஹனஃபி மத்ஹபில் மூன்று முதல் பத்து. இரு ஹைளுகளுக்கு இடையே தூய்மை நாட்கள் குறைந்தது பதினைந்து. தொழுகையும் நோன்பும் இல்லறமும் இந்தக் கணக்கையே சார்ந்திருக்கின்றன. இவ்வளவு நுட்பமான கணக்கு நம் கையில் இருந்தும், அதை மருத்துவரிடம் காட்டும் பழக்கம் மட்டும் நமக்கு வரவில்லை. கடைசியாக எப்போது குளித்தாய் என்று மருத்துவர் கேட்டால், நம் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். பதிலை மாமியார் சொல்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்ஹபின் எல்லை வேறு, மருத்துவத்தின் எல்லை வேறு. ஒரு ஷாஃபிஈ பெண்ணுக்குப் பதினான்கு நாட்கள் உதிரம் போனால் அது முழுவதும் ஹைளாகக் கணக்கிடப்படலாம். 'சட்டப்படி ஹைளுதானே, ஆகவே நோயில்லை' என்று அவர் இருந்துவிடக் கூடாது. எட்டு நாட்களுக்கு மேல் மாதாமாதம் உதிரம் நீடித்தால் மருத்துவம் அதை ஆராயவேண்டிய ஒன்றாகவே பார்க்கிறது. பிக்ஹு நூல்கள் சொல்லும் நாள்வரம்பு வணக்கத்துக்கானது. இரத்தசோகைக்கு அது மருந்தாகாது.

இத்தா விஷயத்தில் இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் கண்டேன். தலாக் சொல்லப்பட்ட ஒரு பெண், இத்தாவில் இருக்கும்போதே கொரோனாவில் விழுந்தார். எழுந்த பின் மூன்று மாதங்களாகியும் ஹைளு வரவில்லை. வீட்டார் மறுமணத்துக்கு இடம் பார்த்துவிட்டனர், "மூணு மாசம் ஆயிருச்சு, இத்தா முடிஞ்ச மாதிரிதானே?" என்று அவருடைய உம்மா கேட்டார். மூன்று மாதக் கணக்கு, ஹைளு வராத சிறுமிக்கும் நின்றுபோன முதியவளுக்கும் உரியது. ஹைளு காணும் பெண்ணுக்கு மூன்று முறை என்பதே கணக்கு. நோயால் தடைபட்டிருந்தால் அது திரும்புவதை எதிர்பார்க்க வேண்டும், எவ்வளவு காலம் என்பதில் உலமாக்களின் விளக்கங்கள் வேறுபடும் என்று சொன்னேன். இம்முறை அத்துடன் நிறுத்தவில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறு வற்புறுத்தினேன். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருப்பது தெரியவந்தது. மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் ஹைளு ஒழுங்காயிற்று. இத்தாவும் ஐயமின்றி முடிந்தது. காய்ச்சல்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். காரணம் வேறாக இருந்தது.

ரமளானையொட்டி ஒரு சிறு எச்சரிக்கை. முப்பது நோன்பையும் விடாமல் நோற்க வேண்டும் என்ற ஆசையில், நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வழக்கம் நம் பெண்களிடையே பரவியிருக்கிறது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுவது வேறு. அந்த மாத்திரையின் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனாக மாறுகிறது. இரத்தம் உறையும் தன்மையுள்ளவர்களுக்கு அது ஆகாது. கொரோனா நோயே இரத்தத்தை உறையச் செய்யும் நோய். காய்ச்சலிலிருந்து எழுந்த பெண் மருத்துவரைக் கேட்காமல் இதை விழுங்குவது, அல்லாஹ் அளித்த சலுகையை உதறிவிட்டு ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும்.

ஊரடங்கினால் வேறு தொல்லைகளும் விளைந்தன. மருத்துவமனைகள் காய்ச்சல் வார்டுகளாக மாறியபோது, பெண்களுக்கான மற்றச் சேவைகள் முடங்கின. 115 நாடுகளில் ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் பெண்களுக்குக் கருத்தடைச் சேவை தடைபட்டதாகவும், அதனால் விரும்பாத கர்ப்பங்கள் 14 இலட்சம் நேர்ந்ததாகவும் ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2021 மார்ச்சில் மதிப்பிட்டது. பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடுவது பற்றி உலமாக்களிடையே பல கருத்துகள் உண்டு. அந்த வாதத்துக்கு இது இடமன்று. ஆனால் நோயில் மெலிந்து, படியேறினால் மூச்சு வாங்கும் நிலையிலுள்ள மனைவியின் உடல் இல்லறத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் ஆயத்தமாகச் சில காலம் பிடிக்கும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இதைப் படிக்கும் சகோதரர்கள், மனைவியின் சோர்வை வெறுப்பு என்று தவறாக எண்ணிவிடாதீர்கள்.

இனி, இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் இடியாப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு ராத்தா இருக்கிறார். விதவை, அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஹைளு நின்று ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2021 செப்டம்பரில் தடுப்பூசி போட்டுச் சில வாரங்களில் அவருக்கு உதிரம் பட்டது. என்னிடம் தொழுகைச் சட்டம் கேட்க வந்தார். வயதான பின் வரும் உதிரம், மருத்துவரிடம் போய்வாருங்கள் என்றேன். "ஊசி போட்டதுல வந்ததும்மா. நெறைய பேருக்கு வருதாம், பேரன் படிச்சுச் சொன்னான்" என்றார். பேரன் சொன்னதில் பொய்யில்லை. ஹைளு நின்ற பெண்களுக்கும் தடுப்பூசிக்குப் பின் உதிரம் கண்டதுண்டு. நார்வே நாட்டு ஆய்வாளர்களும் அதைப் பதிவு செய்துள்ளனர். அந்தப் பாதி உண்மையே அவருக்கு ஆறுதலாகிவிட்டது. நானும் ஒருமுறை சொன்னதோடு இருந்துவிட்டேன். உதிரம் விட்டுவிட்டு வந்தது. வெள்ளைப்படுதலில் துர்நாற்றம் வீசத் தொடங்கிய பிறகு, 2022 நடுவில், மகள் அவரை இழுத்துச் சென்றாள். கருப்பை வாய்ப் புற்றுநோய். கருப்பை வாயைத் தாண்டி அது பரவத் தொடங்கியிருந்தது.

இந்தப் புற்றுநோயும் ஒரு வைரஸின் வேலை என்பதை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்? எச்.பி.வி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வைரஸ் குடும்பத்தில் 16, 18 என்ற எண்ணுள்ள இரு வகைகள் மட்டுமே, இந்நோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகில் 2022இல் மட்டும் ஏறக்குறைய 3,50,000 பெண்கள் இந்நோயால் இறந்தனர். கொரோனா போல் ஒரே மாதத்தில் வீடு வீடாக வராததால் இதற்கு ஊரடங்கு இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

இங்கே ஒரு நுட்பமான விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். இது இல்லற உறவின் வழியே பரவும் வைரஸ். அதனால்தான் நம் பெண்கள் நோயின் பெயரைச் சொல்லவே கூசுகின்றனர். கேட்பவர்களும் வேறுவிதமாகப் பார்க்கின்றனர். ஆனால் இது மிகப் பரவலான வைரஸ். பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகின்றனர். உடல் தானாகவே ஓரிரு ஆண்டுகளில் விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் ஒளிந்திருந்து, புற்றாக மாறப் பதினைந்து, இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ஆகவே இதை வைத்து ஒரு பெண்ணின் கற்பையோ கணவனின் ஒழுக்கத்தையோ எடைபோடுவது அவதூறு.

அந்தப் பதினைந்து, இருபது ஆண்டுகள் நமக்குக் கிடைக்கும் அவகாசம். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயது வரையான பெண்களின் கருப்பை வாயில் சமையல் காடியைப் போன்ற மெல்லிய அசிடிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடம் உண்டா என்று பார்த்தனர். சில நிமிட வேலை, வலியில்லை. கண்டறியப்பட்ட மாற்றங்களுக்கு உடனே சிகிச்சையும் அளித்தனர். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் ஏற்படும் மரணம் மற்ற ஊர்களைவிட 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. பின்னர் இப்பரிசோதனை நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வந்தது. முப்பது வயதைக் கடந்த பெண் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். பார்ப்பவர் பெரும்பாலும் பெண் செவிலியரே என்பதால் நமக்குத் தயக்கத்துக்கும் இடமில்லை. கொரோனா ஆண்டுகளில் உலகெங்கும் இத்தகைய பரிசோதனைகள் குறைந்துபோயின. அப்போது விட்டவர்கள் இன்னும் போகாமலே இருக்கக்கூடும்.

சிறுமியருக்கு இதற்கெனத் தடுப்பூசியும் உண்டு. வெளிநாடுகளில் 2006 முதல் வழக்கத்தில் இருக்கிறது; நம் நாட்டிலேயே தயாரான செர்வாவாக் 2023 ஜனவரியில் வந்தது. ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடுவது சிறப்பு. இளவயதில் ஒரே தவணையும் போதுமான காப்பளிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் ஏற்றது. பதினான்கு வயதுச் சிறுமியருக்கு இதைப் படிப்படியாக அளிக்கப்போவதாகத் தமிழக அரசு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. இந்த ஊசியைப் பற்றியும் மலட்டுக் கதை வரும். வந்தால் மேலே எழுதியதை நினைவில் கொள்ளுங்கள்.

காய்ச்சலுக்குப் பின் ஒன்றிரண்டு மாதங்கள் நாள் முன்பின்னாக இருந்தால் அஞ்ச வேண்டாம், எழுதி வையுங்கள். தொடங்கிய தேதி, நின்ற தேதி, அளவு, அதற்கு முன் வந்த காய்ச்சல், போட்ட ஊசி, விழுங்கிய மாத்திரை ஆகியவற்றை ஹிஜ்ரி காலண்டரின் ஓரத்திலேயே குறிக்கலாம். கர்ப்பமில்லாமலே மூன்று மாதங்கள் வராதிருந்தாலும், மணிக்கொரு துணி நனையும்படி சில மணி நேரம் போனாலும், இல்லறத்துக்குப் பின் உதிரம் பட்டாலும், கர்ப்பத்தின்போது எவ்வளவு சிறிது பட்டாலும் காத்திருக்கக் கூடாது. ஹைளு நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி பட்டாலும், அதற்கு எந்த ஊசியையும் காய்ச்சலையும் சாட்டாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எங்கள் மதரஸாவில் ஹைளுப் பாடம் நடத்தும்போது இப்போது ஒரு மகப்பேறு மருத்துவரையும் ஆண்டுக்கொருமுறை அழைக்கிறோம். முதல் ஆண்டு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். மாணவியர் கேள்வி கேட்டு முடிக்க அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

இடியாப்ப ராத்தாவுக்குக் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தார்கள். மிகவும் மெலிந்துபோனார்; ஆனால் அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கொருமுறை மருத்துவமனைக்குப் போய் வருகிறார். சென்ற ஷஃபான் மாதத்தில் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, சிகிச்சைக் காலத்தில் விடுபட்ட நோன்புகளை இப்போது களாச் செய்யத் தொடங்கலாமா என்று கேட்டார். சட்டத்தைச் சொல்வதற்கு முன், டாக்டரம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காய் மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். வாரத்துக்கு இரண்டு வைக்கலாம் என்று எழுதியிருந்தது.